'இணைப்பு இல்லை' என்றது திரை

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. மீன் கடையில் தராசு முள்ளைப் பார்ப்பேன், டாக்ஸியில் மீட்டரைப் பார்ப்பேன், என் வீட்டுக்காரர் போனில் "இதோ கிளம்பிட்டேன்" என்றால் பின்னால் சீட்டுக்கட்டு கலைக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். "பெய்யா, நீ பிறக்கும்போதே மருத்துவச்சியை முறைச்சிருப்ப" என்பார் அவர். சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு இது வியாதி இல்லை, தகுதி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூஸ் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் தொழிற்பேட்டையில் எங்கள் ஆலை. பஸ் கதவுகளைத் திறந்து மூடுகிற மின்சார போர்டுகளைச் செய்து ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். ஒவ்வொரு போர்டும் கடைசியில் என் சோதனை மேடைக்கு வந்துதான் ஆக வேண்டும். மேடை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. ஆள் உயர இரும்பு அலமாரி ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு மேசை, மேசையில் ஊசிகள் நிறைந்த ஒரு படுக்கை. போர்டை ஊசிகள் மேல் வைத்து அழுத்தினால், ஒவ்வொரு ஊசியும் போர்டின் ஒரு புள்ளியைத் தொடும். அலமாரிக்குள் அளக்கிற மீட்டர் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அளக்க வேண்டிய புள்ளிகளோ ஏராளம். அதனால் நடுவில் ஒரு ரிலே பெட்டி. மீட்டரை இப்போது இந்தப் புள்ளியோடு சேர், அளந்தாயிற்றா, பிரி, அடுத்ததோடு சேர் என்று ஓயாமல் சேர்த்துப் பிரிக்கிற வேலை அதற்கு.

அந்தப் பெட்டியை ஆட்டிவைக்கிற புரோகிராம் நான் போட்டது. அதில் வரிவரியாக எழுதுவதெல்லாம் கிடையாது. எல்லாம் படம். திரையில் 'இணை' என்று ஒரு கட்டம், 'பிரி' என்று ஒரு கட்டம், நடுவில் வண்ண வண்ணக் கோடுகள். எந்தக் கோடு எங்கே போகிறதோ அந்த வரிசையில் வேலை நடக்கும். பார்க்கிறவர்களுக்கு நூல்கண்டை பூனை கலைத்துப்போட்ட மாதிரி இருக்கும். எனக்கு அதில் ஒவ்வொரு கோடும் தெரியும். என்னைத் தவிர அதைத் திறந்து படிக்கத் தெரிந்தவன் ஆலையிலேயே ஒருத்தன்தான். மதிய ஷிஃப்ட் டெக்னீசியன் வன்னாஸ்.

பிரச்சினை ஆரம்பித்தது சாப்பாட்டுக் கூடத்தில். அதாவது, ஊர் பேசிக்கொண்டது அப்படி. அன்றைக்கு டூனா ரொட்டியைப் பிரித்துக்கொண்டே நான் சொன்னேன்: "நம்ம மேடையைப் பாருங்க, ஒரு நல்ல போர்டைக்கூட இது தப்பாத் தள்ளினதே இல்ல. இந்தப் பேட்டையிலயே இப்படி ஒண்ணு கிடையாது." அவ்வளவுதான். ஒருத்தி ரொட்டியைப் பார்த்தாள், ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள். மேடையில் போர்டு வைத்து எடுக்கிற மஹ்பூபா, கண்ணேறுக்குத் தடுப்பாக மேசைக்கு அடியில் ஐந்து விரலையும் என் பக்கம் விரித்துப் பிடித்ததை நான் கவனிக்காமல் இல்லை.

என் கண் பச்சை. அம்மா வழியில் எல்லாருக்குமே பச்சை. பச்சைக் கண்ணை வைத்துக்கொண்டு, 'மாஷா அல்லா' என்று ஒரு வார்த்தை சேர்க்காமல் எதையாவது மெச்சிவிட்டால் எங்கள் ஊரில் முடிந்தது கதை. குழந்தை கீழே விழும், பால் திரியும், கார் டயர் வெடிக்கும். என் முதுகுக்குப் பின்னால் எனக்குக் கொள்ளிக்கண் மதாம் என்று பெயர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். என்ன செய்யச் சொல்கிறீர்கள், கண்ணைப் பிடுங்கி டப்பாவில் போடவா?

அந்த வாரத்திலேயே மேடை சிவப்பு விளக்கு காட்ட ஆரம்பித்தது.

போர்டில் இரண்டு பாதைகள் உண்டு. கதவு மோட்டாருக்குப் போகிற பாதை ஒன்று, பஸ் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்கிற பாதை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒட்டுறவே இருக்கக் கூடாது. இருந்தால் ஓடுகிற பஸ்ஸில் கதவு திறந்துகொள்ளும். அதனால் இரண்டையும் பிரித்து வைத்து, நடுவில் மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கிற சோதனைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மதியத்தில் அந்தச் சோதனையில் போர்டுக்குப் போர்டு சிவப்பு. சிவப்புக் கூடை நிரம்பி வழியும். மறுநாள் காலை ஷிஃப்ட்டில் அதே போர்டுகளை எடுத்து வைத்தால் எல்லாம் பச்சை. மதியம் வந்தால் திரும்பவும் சிவப்பு.

உற்பத்தித் தலைவர் நொமான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் ஏசி எப்போதும் அதிகமாகத்தான் ஓடும், பேசுகிறவர்கள் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று.

"மதாம் பெய்யா, காலையில சரியா இருக்கு, மதியம் கெட்டுப்போகுது. மெஷினுக்கு மணி பாக்கத் தெரியுமா?"

"தெரியாது, ஸி நொமான்," என்றேன். மேலே இருக்கிறவர்களை மரியாதைக்கு 'ஸி' போட்டுத்தான் கூப்பிடுவோம்.

"ஆளுக்குத் தெரியும்ல?" என்றார். "வசந்த காலத்துல வேன் வசதி கேட்டு வேலைய நிறுத்தினாங்களே, முன்னாடி நின்னது யாரு? வன்னாஸ். போர்டை வீணாக்கிக் காட்டினா நாம வழிக்கு வருவோம்னு கணக்கு. வியாழக்கிழமை விசாரணைக் குழு கூட்டுறேன். வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்காரங்க வராங்க, அவங்க முன்னாடி எனக்கு ஒரு பதில் வேணும். அவன் எப்படிக் கை வைக்கிறான்னு மட்டும் நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்."

"கை வைக்கிறானான்னு பாக்கணும் முதல்ல."

"பாருங்க, நல்லாப் பாருங்க. உங்க கண்ணுக்குத் தப்புமா?" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னது எனக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததுதான். நாசவேலை என்று முத்திரை குத்தி ஒருத்தனை வெளியே அனுப்பினால் இந்தப் பேட்டையில் வேறு எந்த ஆலையும் அவனைச் சேர்க்காது. மேலாளர்களெல்லாம் ஒரே காபிக் கடையில் உட்காருகிறவர்கள். வன்னாஸுக்கு இப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி. இதெல்லாம் தெரிந்துதான் நான் அவனைச் சந்தேகப்பட்டேன். நிரந்தரமான தைரியத்தில்தானே ஆட ஆரம்பித்திருப்பான் என்று.

முதல் வேலையாக என் புரோகிராமை எடுத்து, வீட்டில் பத்திரமாக வைத்திருந்த நகலோடு ஒப்பிட்டேன். ஒரு கோடு கூட மாறவில்லை. மாற்றிவிட்டுத் திரும்பப் பழையபடி வைத்துவிடுகிறான் போல என்று கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். மதியம் சிவப்பு. புரோகிராமை மெதுவாக ஓடவிட்டு, கோடுகளில் சின்னச் சின்னப் புள்ளிகள் நகர்ந்து போவதைக் கண் வலிக்கப் பார்த்தேன். 'பிரி' கட்டத்துக்குள் புள்ளி போனது, வெளியே வந்தது. அப்புறம் ரிலே பெட்டியிடமே கேட்கிற ஒரு கட்டம் உண்டு, இந்த இரண்டு பாதைக்கும் நடுவில் இப்போது சேர்க்கை இருக்கிறதா என்று. அதைக் கோத்துவிட்டேன். 'இணைப்பு இல்லை' என்றது திரை. பக்கத்திலேயே மீட்டரோ, இணைப்பு இருக்கிறது என்று காட்டியது.

யாரோ ஒருத்தர் பொய் சொல்கிறார்கள். திரை பொய் சொல்லாது, அது நான் வரைந்தது.

அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஒன்றல்ல, பல தடவை. ரிலே பெட்டி, மீட்டர், கட்டுக் கட்டாக ஒயர். கதவின் உட்பக்கத்தில் வழக்கமான அலங்காரம்: ஒரு பந்தாட்டக் குழுவின் படம், பிரார்த்தனை எழுதிய ஒரு துஆ ஸ்டிக்கர், மீன் பொறித்த பித்தளைக் கை ஒன்று, போன வருஷத்து நாள்காட்டி. மெஷின்மேல் எதையும் ஒட்டக் கூடாது என்று தணிக்கைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எல்லாரும் எல்லாவற்றையும் உள்பக்கம் ஒட்டிக்கொள்கிறார்கள். நான் ஒயர் ஒயராக இழுத்துப் பார்த்தேன். போர்டை வைக்கச் சொன்னேன். பச்சை. இன்னொன்று. பச்சை. நான் அந்தப் பக்கம் போய்ப் பத்து நிமிஷம் ஆகவில்லை, கூடம் முழுக்க "சிவப்பு, சிவப்பு" என்று குரல். நான் வந்து திறந்தால் யோக்கியமாக இருக்கிறது, நான் போனால் ஆட்டம் போடுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆள் பார்த்து நடக்கிறது என்றால் அது ஆள் செய்கிற வேலை.

இன்னொன்றும் உறுத்தியது. காலை ஷிஃப்ட்டில் அந்த அலமாரிக் கதவு ஆவென்று திறந்தே கிடக்கும். பூட்டு இறுக்கம், யார் மல்லுக்கட்டுவது என்று விட்டுவிடுவார்கள். தூசி போகும், கதவைச் சாத்துங்கள் என்று நான் கத்தாத வாரம் இல்லை. சொன்னபடி கேட்கிறவன் வன்னாஸ் ஒருத்தன்தான். ஷிஃப்ட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாத்திப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். முன்னெல்லாம் அதைப் பார்த்து, பரவாயில்லை, ஒருத்தனுக்காவது பொறுப்பு இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். இப்போது பார்த்தால், இவ்வளவு ஒழுங்காகப் பூட்டுகிறவனுக்கு உள்ளே என்ன ஒளிக்க வேண்டியிருக்கிறது என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அவனை டீக்கடை ஓரம் பிடித்தேன். புதினா டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன வன்னாஸ், புரோகிராமைத் திறந்தியா இந்த வாரம்?"

"கடவுச்சொல் போட்டிருக்கீங்களே மதாம், எப்படித் திறக்குறது?"

"கடவுச்சொல் போட்டிருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்? திறக்கப் பாத்ததாலதானே?"

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "போர்டெல்லாம் சிவப்பாகுது, என்னன்னு பாக்கலாம்னு போனேன். உங்க புரோகிராமுக்கு நான் என்ன திருடனா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வாயால சொல்லல," என்றான். "எல்லாரும் பாக்குறாங்க மதாம். நீங்க என் கைய எப்படிப் பாக்குறீங்கன்னு எல்லாரும் பாக்குறாங்க. வீட்ல அவளுக்கே யாரோ சொல்லிட்டாங்க. நைட்டெல்லாம் அழுகை."

"தப்பு பண்ணலன்னா ஏன் பயப்படணும்?"

"தப்பு பண்ணலன்னாதான் பயம்," என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமலே போனான். நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

புதன் மதியம் நான் ஒரு முடிவோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் விசாரணை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், இல்லை என்றால் என்ன எழுதுவது? மஹ்பூபா கையுறையை மாட்டிக்கொண்டு என் இடப்பக்கம் நின்றாள். வன்னாஸ் வந்தான், வணக்கம்கூடச் சொல்லவில்லை, கதவைச் சாத்திப் பூட்டினான். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி என் முன்னால் மேசையில் வைத்தான்.

"இந்தாங்க. நீங்களே போர்டை வைங்க, நீங்களே பொத்தானை அமுக்குங்க. நான் அந்தச் சுவரோரம் நிக்கிறேன். என் கை ரெண்டும் உங்க கண்ணு முன்னாடியே இருக்கும்."

"நாடகம் வேண்டாம் வன்னாஸ்."

"நீங்கதானே மதாம் டிக்கெட் வாங்கி உக்காந்திருக்கீங்க."

மஹ்பூபாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாகப் போனது. நான் போர்டை வைத்தேன், அமுக்கினேன். சிவப்பு. இன்னொன்று. சிவப்பு. சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில். திறந்தபடியே விட்டு அதே போர்டை வைத்தேன். பச்சை. திரும்பிப் பார்த்தேன். அவன் சுவரில் சாய்ந்து, கை இரண்டையும் மார்பில் கட்டி நின்றுகொண்டிருந்தான்.

சாத்தினேன். சிவப்பு.

"வெளிய போ," என்றேன். "கூடத்த விட்டே வெளிய போ."

போனான். கூடத்தின் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும், கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி நடைபாதையில் நின்றான். சாவி என்னிடம், புரோகிராம் என்னிடம், ஆள் வெளியே. அமுக்கினேன். சிவப்பு.

சந்தேகப்படுவதற்கு ஆள் இல்லாமல் போனால் எனக்கு நிற்க இடம் இல்லாத மாதிரி ஆகிவிடும். இனி யாரைச் சொல்வது, மஹ்பூபாவையா, என்னையா? கதவைத் திறந்தேன், பச்சை. சாத்தினேன், சிவப்பு. திறந்தேன், பச்சை. ஒரு பைத்தியக்காரி கதவோடு விளையாடுகிறாள் என்று பக்கத்து வரிசையில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அப்புறம்தான் புத்தி வந்தது. சோதனையை நிற்காமல் ஓடவிட்டு, கதவை மெல்ல மெல்லத் திறந்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஒரு கை நுழையும் அளவு திறந்ததும் பச்சை. கொஞ்சம் சாத்தினால் திரும்பவும் சிவப்பு.

அலமாரிக்குள் ஒன்றும் இல்லை. விஷயம் கதவில் இருக்கிறது. கதவில் என்ன இருக்கிறது? பந்தாட்டப் படம், ஸ்டிக்கர், நாள்காட்டி, பித்தளைக் கை.

கண்திருஷ்டிக்கு வைக்கிற கை. ஐந்து விரல், நடுவில் மீன். இந்த ஊரில் எந்தக் காரில் இல்லை, எந்தக் கடையில் இல்லை? அதனால்தான் அத்தனை நாளும் அதைப் பார்த்தும் நான் பார்க்கவில்லை. பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தபோது பட்டென்று விடுபட்டு வந்தது. பின்பக்கத்தில் ஒலிபெருக்கிக்குள் இருக்குமே, அந்த வட்டக் காந்தம், கனமாக, பசை போட்டு ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தினால் அந்தக் காந்தம் நேராக ரிலே பெட்டியின் முகத்துக்கு எதிரே போய் நிற்கும்.

எங்கள் பெட்டியில் இருக்கிற ரிலே பெரிய சமாச்சாரம் இல்லை. குட்டிக் கண்ணாடிக் குழாய், அதற்குள் மெல்லிய இரும்பு நாக்கு இரண்டு. குழாயைச் சுற்றிக் கம்பிச்சுருள். சுருளில் மின்சாரம் விட்டால் காந்தமாகும், நாக்குகள் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் பிரியும். வெளியிலிருந்து வேறொரு காந்தம் பிடித்து வைத்திருந்தால், நிறுத்தினாலும் பிரியாது. என் புரோகிராம் சுருளுக்குக் கட்டளை போடும், அதோடு சரி. நாக்கு நிஜமாகவே பிரிந்ததா என்று அது போய்ப் பார்க்காது. பிரி என்று சொன்னேன் அல்லவா, அப்படியானால் பிரிந்தாயிற்று என்று தானே குறித்துக்கொள்ளும். கேட்டால், இணைப்பு இல்லை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும்.

பித்தளைக் கையைப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோனேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். விலக்கினேன். மறுபடி டிக். திரையைப் பார்த்தேன். அப்போதும் இணைப்பு இல்லை என்றுதான் எழுதியிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வன்னாஸ் என் கையில் இருந்ததைப் பார்த்தான். அவனுக்கும் நொடியில் புரிந்துவிட்டது, அவன் மூளை அப்படி. ஆனால் உள்ளே வரவில்லை. திரும்பி வெளிவாசல் பக்கமாக நடந்தான்.

மஹ்பூபா போர்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கினதையே கலைத்துத் திரும்ப அடுக்கினாள். அவள் புருஷன் கடைத்தெருவில் ரேடியோ, டிவி பழுது பார்க்கிறவன். ஒலிபெருக்கிக் காந்தத்துக்கு வேறு எங்கே போவது?

"லல்லா," என்றேன். எனக்கு மூத்தவள், அப்படித்தான் கூப்பிடுவேன். "எப்ப ஒட்டினது இது?"

"டேப்பு போட்டு ஒட்டினேன் மதாம், சூட்டுக்கு நிக்கல, விழுந்து விழுந்து போச்சு. அதான் அவர்கிட்டச் சொல்லிக் காந்தம் வச்சேன்." தலை நிமிரவே இல்லை. "நல்லதுக்குத்தான் வச்சேன்."

"எதுக்குன்னு கேக்கல. எப்பன்னு கேட்டேன்."

கையிலிருந்த போர்டைக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள். "நீங்க சாப்பாட்டுக் கூடத்துல மெஷினப் பத்திச் சொன்னீங்கள்ல. அதுக்கு மறுநாள்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம்கூட வரவில்லை. அத்தனை நாளும் யார் இந்த மெஷினுக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்று ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். இங்கே ஒருத்தி, கெடுதல் வருமென்றால் அது என்னிடமிருந்துதான் வரும் என்று காவல் போட்டிருக்கிறாள்.

"எனக்கும் வன்னாஸுக்கும் சம்பளம் இந்த மேடையிலதான் மதாம்," என்றாள் மஹ்பூபா. "வன்னாஸுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு தூக்கமே இல்ல எனக்கு. ஆனா இதுதான் காரணம்னு சத்தியமாத் தெரியாது. இன்னும் நல்லாக் காக்கட்டும்னு ரெண்டு தரம் துடைச்சுகூட வச்சேன்."

வியாழக்கிழமை காலை நொமான் அறை. அவர், நிர்வாகத்திலிருந்து ஒருத்தர், தொழிற்சங்கத்திலிருந்து ஒருத்தர். ஓரத்து நாற்காலியில் வன்னாஸ், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, சவ அடக்கத்துக்குப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் பித்தளைக் கையை மேசைமேல் வைத்தேன். நொமானின் சாவிக்கொத்து சரசரவென்று போய் அதில் ஒட்டிக்கொண்டது. விளக்கிச் சொன்னேன். ஒரு போர்டு கூடக் கெட்டுப்போகவில்லை, எல்லாம் நல்ல போர்டு, ஜெர்மனிக்காரர்களுக்கு அதைச் சொல்லலாம் என்றேன். வன்னாஸ் கதவைச் சாத்தினான், நான் சாத்தச் சொன்னதால் சாத்தினான், அது மட்டுமே அவன் செய்த குற்றம் என்றேன்.

நொமான் சாவிக்கொத்தைப் பிடுங்க முடியாமல் பிடுங்கி எடுத்தார். "சரி. இவன் இல்ல. அப்ப இத வச்சது யாரு?"

தொழிற்சங்கத்துக்காரர் என்னைப் பார்த்தார்.

"கூடை கூடையா போர்டு நின்னுபோச்சு மதாம். தணிக்கையில மெஷினுக்குள்ள வேற பொருள் வைக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. எனக்கு ஒரு பேரு வேணும். யாருன்னு உங்களுக்குத் தெரியும், உங்க மூஞ்சியே சொல்லுது."

எனக்குத் தெரியும். வன்னாஸுக்கும் தெரியும், அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளாக யாரு, யாரு என்று நான் கேட்ட அதே கேள்வி. நொமான் வாயில் கேட்கும்போது அது எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"என் பேரை எழுதிக்கோங்க," என்றேன்.

"நீங்களா? நீங்க திருஷ்டிக் கை மாட்டுற ஆளா?"

"என் கண்ணுக்குப் பயந்துதான் அதை மாட்டினது, ஸி நொமான். நான் இல்லன்னா அது அங்க வந்தே இருக்காது. அப்ப அது என்னுதுதானே. எழுதிக்கோங்க."

தொழிற்சங்கத்துக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். நொமான் என்னை முறைத்தார், நானும் முறைத்தேன், முறைப்பில் என்னை ஜெயிக்க முடியுமா? கடைசியில் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து முடித்தார்கள். நான் இல்லாமல் அந்தப் படப் புரோகிராமை யார் வரைவது?

வெளியே வந்தபோது வன்னாஸ் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தான். நன்றி சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன்தான், மறைப்பானேன்.

"மதாம், நீங்க புரோகிராமைக் கேட்டீங்க. ரிலே பெட்டியைக் கேட்டீங்க. 'இணைப்பு இல்ல'ன்னு அது சொன்னப்போ நம்பினீங்க. எங்கிட்ட ஒரு தடவ நேரா, நீ பண்ணியான்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா இல்லன்னுதானே சொல்லியிருப்ப."

"ஆமா. அதுதானே நிஜம்," என்றான்.

அவன் மேடைக்குப் போனான். வேலை இருந்தது, அவனுக்கும் எனக்கும்.

ஜெர்மனிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். அடுத்த வாரம் ஒரு மதியம் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். ஒரு ரிலேயை மாற்ற வேண்டியிருந்தது. கதவின் உட்பக்கத்தில், பழைய இடத்திலேயே, ஒரு கை தொங்கியது. சிவப்புத் துணியில் தைத்து, பஞ்சு அடைத்து, நடுவில் நீல நூலால் மீன். நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மஹ்பூபா ஊசிப் படுக்கையை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் கண்ணிலிருந்து மெஷினைக் காப்பாற்றுவதை அவள் விடப்போவதில்லை. இருக்கட்டும் என்று தோன்றியது. மனசார அப்படித்தான் தோன்றியது.

"நல்லாத் தைச்சிருக்கா," என்றேன். அப்புறம் அவசரமாக, "மாஷா அல்லா," என்றேன்.

வன்னாஸ் மேசை இழுப்பறையைத் திறந்தான். அதிலிருந்து காகிதத்தில் மாட்டுகிற ஒரு சின்ன இரும்புக் கிளிப்பை எடுத்து, உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டினான்.

"சோதிச்சுக்கோங்க மதாம்."

வேண்டாம், தேவையில்லை என்று சொல்ல நினைத்தேன். உண்மையாகவே சொல்ல நினைத்தேன். அதற்குள் என் கை போய் அந்தக் கிளிப்பை வாங்கிவிட்டது. துணிக் கையின் மேல் வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு விரலிலும். எதிலும் ஒட்டவில்லை. வன்னாஸ் என் முகத்தைப் பார்க்காமல் கிளிப்பைத் திரும்ப வாங்கி இழுப்பறையில் போட்டான். நான் ரிலேயை மாற்றி முடித்ததும், சொன்ன மாதிரியே, கதவைச் சாத்திப் பூட்டினான்.